பாகற்காயைக் கெடுப்பது அணில் அல்ல

கேள்வி: தெஹிவளையில் எங்கள் பின்வளவில் இரண்டு பப்பாசி மரங்களும் ஒரு பாகற்கொடியும் சாடிகளில் தக்காளியும் இருக்கின்றன. மார்ச் பிறந்ததிலிருந்து அணிலும் பறவைகளும் எதையும் விட்டுவைப்பதில்லை. பாகற்காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி அழுகுகிறது. கடையில் பூச்சிமருந்தும் நைலோன் வலையும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அழுகிய பாகற்காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள்.

உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அவை பழ ஈயின் குடம்பிகள். பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. காய்க்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டுவது கடினம். வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடியும் ஈயாக வெளிவரும். ஆகவே கெட்ட காயைக் கொடியடியில் விடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். இந்த மாதங்களின் கொழும்பு வெயில் புழுவைக் கொன்றுவிடும். நல்ல பிஞ்சுகளுக்குப் பழைய பத்திரிகைத் தாளில் உறை செய்து, காம்போடு சேர்த்துக் கட்டுங்கள். என் கணிப்பில், வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நம்பகமான காவல் இல்லை.

பிளந்த காயில் புழுவே இல்லையென்றால் கதை வேறு. பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. மகரந்தம் சேராத பிஞ்சும் மஞ்சளாகி உதிரும். தேனீ வராத வளவில் இது அடிக்கடி நடக்கும். காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் சிறு பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். உறையையும் பூ வாடிய பிறகே போட வேண்டும்.

மருந்து வேண்டாம் என்பதற்கு முதற்காரணம் இந்தத் தேனீதான். இன்னொன்று, உங்கள் பப்பாசியோடு தொடர்புடையது. 2008இல் கொழும்பு, கம்பஹா பகுதிகளில் பப்பாசி மரங்களை வெண்மாவு போல மூடிய மாவுப்பூச்சி பலருக்கு நினைவிருக்கும். அதை அடக்க, அடுத்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்று கொண்டுவரப்பட்டது. அத்தகைய குளவிகளும் மருந்துக்குத் தப்பாது.

இனி அணிலும் பறவையும். பப்பாசியில் மஞ்சள் கீற்று ஓடத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள், சுவை கெடாது. தக்காளியை இலேசாகச் சிவந்ததும் எடுத்துவிடலாம். கைக்கு எட்டாத உச்சிப் பழம் ஒன்றிரண்டைக் குக்குறுவானுக்கும் கொண்டைக்குருவிக்கும் விட்டுவிடுங்கள். நகரத்தில் மரங்கள் குறைந்துகொண்டே போகும்போது உங்கள் வளவு அவற்றுக்குப் பெரிய ஆதரவு. தொளதொளவென்று போர்த்திய வலையில் பறவையும் வௌவாலும் சாரைப்பாம்பும் சிக்கி வெயிலில் துடித்துச் சாகின்றன. அதை ஒருமுறை பார்த்தவர் மறுபடியும் வலை கட்டமாட்டார். எலியைப் பிடிப்பது சாரை, நத்தையைத் தின்பது செண்பகம், இலைப்பூச்சியைப் பொறுக்குவது ஓணான். எலிப்பாஷாணமும் வைக்காதீர்கள், செத்த எலியைத் தின்னும் ஆந்தையையும் பூனையையும் அது கொல்லும்.

அணில் தக்காளியைக் கடிப்பதற்குத் தாகமும் ஒரு காரணம். நிழலில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஆனால் கொழும்பில் டெங்குவை மறந்து எதையும் செய்ய முடியாது. நுளம்பு முட்டைகள் சட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. தினமும் தும்பால் அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் முடியாதென்றால் சட்டி வைக்காமலிருப்பதே நல்லது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.