மருத்துவரைக் கேளுங்கள்: காய்ச்சலும் பரம்பரையும்

கேள்வி: பழங்குடி மக்களின் மரபணு இன்ஃபுளுவென்சாவைத் தாங்காது என்று வாசித்தேன். நாங்களும் தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளேயே சம்பந்தம் செய்தவர்கள். ஒவ்வொரு மாரிக்கும் வீட்டில் எல்லோரும் தடிமன் காய்ச்சலில் படுக்கிறோம். எங்கள் இரத்தத்திலேயே குறை உள்ளதா?
- ஒரு வாசகி, முள்ளியவளை

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் வாசித்ததில் பாதி உண்மை இருக்கிறது.

வைரஸ் புகுந்த உயிரணு, அந்த வைரசின் புரதத் துண்டுகளை எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். அதைக் கண்டுகொண்டே உடலின் காவலர்களான டி உயிரணுக்கள் அந்த உயிரணுவை அழிக்கின்றன. ஒரே மாவை வெவ்வேறு அரிதட்டில் அரித்தால் மேலே தங்குவது வேறுபடுவதைப் போல, எந்தத் துண்டு ஏந்தப்படும் என்பது தாய் தந்தையிடமிருந்து வந்த எச்.எல்.ஏ. வகையைப் பொறுத்தது. 2013 இல் சீனாவில் எச்7என்9 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதரிடம் தோன்றியபோது, பழைய காய்ச்சல்களின் நினைவைக் கொண்டு அதனை எதிர்க்க உதவும் வகைகள் ஐரோப்பிய வழியினரில் 57 சதவீதத்தினருக்கும், அலாஸ்கா, அவுஸ்திரேலியப் பழங்குடியினரில் 16 சதவீதத்தினருக்கும் இருக்கலாமென 2014 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

ஆயினும் பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவுகளை நினைத்துப் பாருங்கள். 1918 நவம்பரில் நியூசிலாந்தின் ஒக்லாந்திலிருந்து வந்த தலூன் என்ற கப்பல் இன்ஃபுளுவென்சா நோயாளிகளோடு அப்பியாத் துறைமுகத்தில் அனுமதிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் மேற்குச் சமோவாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். அருகிலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில் கப்பல்களைத் தடுத்து வைத்ததால், அதே இனத்து மக்களில் ஒருவர்கூட அந்த நோயால் இறக்கவில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

சொந்தத்துக்குள் மணம் முடித்தால் எச்.எல்.ஏ. வகைகளின் பன்மை குறையக்கூடும். ஆனால் வீடு முழுதும் ஒருசேரப் படுப்பதற்குக் காரணம், மழைக்கு யன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒரே அறையில் மூச்சு விடுவதுதான். தடுப்பூசி பெரும்பாலும் நோயெதிர்ப்புப் புரதங்களின் வழியாக வேலை செய்வதால், அவுஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அது நல்ல பலனே தந்திருக்கிறது. மல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம் தரும், வைரசைக் கொல்லாது. கர்ப்பிணிகளுக்கோ, கைக்குழந்தைக்கோ, முதியவர்களுக்கோ, நீரிழிவு உள்ளவர்களுக்கோ காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இன்ஃபுளுவென்சா வைரசை எதிர்க்கும் ஒசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும்.