இறந்துபோன அம்மா கர்த்தரிடத்தில் இருக்கிறார் என்று நம்புகிறேன். ஆனாலும் அழுகை நிற்கவில்லை. வீட்டில் நானும் அப்பாவும்தான். இது அவிசுவாசமா?

இல்லை. அழுங்கள்.

என் அப்பா போனபோது நானும் இதைக் கேட்டுத் தவித்தேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சாவு வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவராவது, "கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சிருக்காவ, அழக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அன்பினால் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு, ராத்திரியில் வாயில் துண்டை வைத்து அழுதேன், பக்கத்து அறையில் அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று.

அப்படிச் சொல்கிறவர்கள் மனதில் இருப்பது, பவுல் அப்போஸ்தலன் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய நிருபத்தில் உள்ள 1 தெசலோனிக்கேயர் 4:13. அதை நிதானமாக வாசியுங்கள். நம்பிக்கையற்றவர்களான "மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்கிறார் பவுல். அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டால், வேதத்தில் இல்லாத ஒரு கட்டளை பிறந்துவிடுகிறது. தன் உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தபோது, தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடி தேவன் இரங்கினார் என்று எழுதியவரும் இதே பவுல்தான். ஸ்தேவானைப் பாருங்கள். இயேசுவுக்காகக் கல்லெறியப்பட்டு, வானம் திறந்திருக்கக் கண்டுகொண்டே மரித்தவர். அவர் எங்கே போனார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் அவரை அடக்கம்பண்ணியவர்கள் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்கிறது அப்போஸ்தலர் 8:2. அவர்களைத் தேவபக்தியுள்ளவர்கள் என்றும் அதே வசனம் சொல்கிறது. மரித்துப்போன தன் சிநேகிதன் லாசருவைச் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த இயேசுவே கண்ணீர் விட்டாரே!

ஆறுதல் எங்கே என்றால், எனக்கு அது விசுவாசப் பிரமாணத்தில் கிடைத்தது. நாம் எதை விசுவாசிக்கிறோம் என்று ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து அறிக்கையிடுவது அது; சிறுவயதிலிருந்து ஞாயிறுதோறும் மனப்பாடமாகச் சொன்னதுதான். அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு, "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடத்தில் குரல் அடைத்துக்கொண்டது. ஆத்துமா பரலோகத்தில் இருக்கிறது என்பதோடு நம் நம்பிக்கை முடியவில்லை. இயேசு கல்லறையிலிருந்து சரீரத்தோடு எழுந்தார், ஆகவே அப்பாவும் எழுந்திருப்பார். பெட்டியை மூடுமுன் நான் பிடித்திருந்த அந்தக் கை, நான் மண் போட்டு மூடிய அந்தக் கை, அழியாமையுள்ளதாய் எழும். அதற்குப் பிறகும் அழுதேன். ஆனால் அது வழியனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவனின் அழுகையாக இருந்தது.

இன்னொன்று. ஒரு ராத்திரி அம்மா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "நானும் அந்தப் பக்கம் அழுதுக்கிட்டுதாம்ல கிடந்தேன்" என்றாள். அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதோம். பிறகு அம்மாவே தெசலோனிக்கேயர் நிருபத்தை எடுத்து வாசிக்கச் சொன்னாள். அந்த அதிகாரத்தின் கடைசி வசனம், இந்த வார்த்தைகளால் "ஒருவரையொருவர்" தேற்றச் சொல்கிறது. நாங்கள் இருவரும் அதுவரை தனித்தனியாகத் தேறப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் அப்பா ராத்திரியில் தூங்குகிறாரா? இன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்காருங்களேன்.