இருபது நாளில் களம் திரும்ப முடியுமா? கணுக்கால் அடி பற்றிச் சில கேள்விகள்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் நெருங்கும்போது என் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்ட பிள்ளைகள் கூடிவிடுவார்கள். இன்னொரு செருப்பு கையில் இருக்கும். வீங்கிய கால் அதற்குள் நுழையாது. தருமபுரியில் எலும்பு வைத்தியம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் காட்சி மாறவில்லை. மாறியிருப்பது கேள்விதான். முன்பெல்லாம் "கட்டு எப்போது பிரிப்பீர்கள்?" என்பார்கள். இப்போது "நூல் வைத்துத் தைக்கும் ஆபரேஷன் செய்வீர்களா?" என்கிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களிலும் அதுவே அதிகம்.

கேள்வி: கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கபடியில் ரெய்டர். மூன்று வாரத்துக்கு முன் பாடிச் சென்றபோது எதிரணியினர் பாதத்தைப் பிடித்துவிட்டார்கள். நான் கோட்டை நோக்கித் திரும்ப, பாதம் அங்கேயே நிற்க, கால் திருகிக்கொண்டது. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் கணுக்காலுக்கு மேலே வலிக்கிறது, எம்பிக் குதிக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு கல்லூரி வீரர் ஆபரேஷன் செய்துகொண்டு 20 நாளில் ஆடினாராம். எனக்குப் போட்டி ஐந்து வாரத்தில். செய்துகொள்ளலாமா? (மாணவர், பாலக்கோடு)

தம்பி, "பாதம் அங்கேயே நிற்க, கால் திருகிக்கொண்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான்.

வழக்கமான சுளுக்கில் பாதம் உள்பக்கமாக மடங்கும். வெளிப்பக்கக் குமிழுக்குக் கீழே உள்ள ஜவ்வு கிழியும். உங்களுக்கு நேர்ந்தது வேறு வகையாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பும் சிறிய எலும்புமாக இரண்டு இறங்கி வந்து, அடியில் பாத எலும்பை இடுக்கிபோல் பிடித்துக்கொள்கின்றன. அந்த இரண்டையும் விலகாமல் சேர்த்துக் கட்டியிருக்கும் ஜவ்வு கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. பாதம் நிலைத்து நிற்கக் கால் திருகினால் அறுவது அந்தக் கட்டு. இதை மேல் கணுக்கால் சுளுக்கு என்கிறோம். இந்த அடிபட்டவர்கள் வலிக்கும் இடத்தைக் காட்டும் விதமே தனி. உள்ளங்கையால் கணுக்காலைத் தடவிக் காட்ட மாட்டார்கள். ஒரே விரலைக் கணுக்காலின் முன்பக்கம் வைத்து, அப்படியே மேலே நான்கு விரற்கடை இழுத்துக்கொண்டு போவார்கள். கெண்டைக்காலின் நடுவில் நான் இரண்டு எலும்பையும் சேர்த்து அமுக்கினால், அமுக்கிய இடத்தை விட்டுவிட்டுக் கீழே கணுக்காலில் வலிக்கிறது என்பார்கள்.

அந்த இடுக்கி விரிந்துவிட்டால் சின்ன விலகலும் சின்ன விஷயம் இல்லை. பாத எலும்பு ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எடை முழுவதும் மிச்சமிருக்கும் பரப்பில் இறங்கும். குருத்தெலும்பு தேயும்.

இனி நீங்கள் சொன்ன அமெரிக்க வீரருக்கு வருவோம். அவர் துவா டகோவைலோவா. அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிபவராக, ஆடியவர். 2019 அக்டோபர் 19 அன்று வலது கணுக்காலில் இந்த அடிபட்டது, மறுநாளே அறுவை சிகிச்சை, நவம்பர் 9 அன்று களத்தில் நின்றார். முந்தைய ஆண்டு டிசம்பரில் இடது காலுக்கும் இதே சிகிச்சை செய்துகொண்டு நான்கு வாரத்தில் ஆடியிருந்தார். இவையெல்லாம் உண்மை.

அவருக்குச் செய்தது இதுதான்: கணுக்கால் மூட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்பையும் ஊடுருவி ஒரு துளை. அதன் வழியே மிக வலுவான பாலிஎதிலீன் நூல். இரு முனையிலும் உலோகப் பொத்தான். கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோனால் கயிற்றை இழுத்து முடிவோமே, அதுபோல் நூலை இழுத்து முடிந்தால் விரிந்த எலும்புகள் ஒன்றுசேரும். இதைச் சிலர் 'டைட்ரோப்' என்பார்கள், அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர்.

இந்த நூல் ஜவ்வை விரைவாக ஆற வைப்பதில்லை. கிழிந்த ஜவ்வு தன் வேகத்தில்தான் ஆறும், அதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை எலும்பு விலகாமல் நூல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிடிப்பு இருப்பதால் காலை முன்னதாக ஊன்றலாம், முன்னதாகப் பயிற்சி தொடங்கலாம். நாள் மிச்சமாவது அங்கேதான். எலும்பு விலகவே இல்லை என்றால் நூலுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட காலில் துளை போடுவதால் வரும் தொற்று, நரம்புப் பாதிப்பு, எலும்பு தவறான நிலையில் இறுகிப்போவது போன்ற ஆபத்துகளை மட்டும் விலை கொடுத்து வாங்குகிறோம்.

இன்னொன்று. அவர் பந்து எறிபவர். பெரும்பாலும் தன் ஆட்கள் அமைத்த அரணுக்குப் பின்னால் நின்று ஆடுகிறவர். நீங்கள் ரெய்டர். ஒற்றைக் காலில் எம்ப வேண்டும், நொடியில் திரும்ப வேண்டும், எதிரில் ஏழு பேர். அவர்களில் ஒருவனுக்காவது உங்கள் கணுக்காலைப் பிடித்து முறுக்குவதே வேலை. அவருக்கு முழுநேரப் பயிற்சியாளர்களும் சிகிச்சையாளர்களும் நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தார்கள். உங்களுக்கு வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் பஸ் ஏறி வரவே வீட்டில் பணம் கேட்க வேண்டியிருக்கலாம். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஆபரேஷன் முடிவு அல்ல, படம். காலை ஊன்றி நின்றபடி இரண்டு கணுக்காலுக்கும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. இடைவெளி விரிந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவை, மூன்று வாரம் கடந்துவிட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விரியவில்லை என்றால் கணுக்கால் உறையும் பயிற்சியுமாக ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். இரண்டில் எதுவானாலும் அந்த ஐந்தாவது வாரப் போட்டிக்கு உங்கள் பெயரை நான் எழுத மாட்டேன்.

கேள்வி: மகள் கல்லூரியில் வாலிபால் ஆடுகிறாள். வலை அருகே குதித்து இறங்கும்போது எதிரணிப் பெண்ணின் பாதத்தின் மேல் கால் பட்டு மடங்கிவிட்டது. எம்ஆர்ஐயில் வெளிப்பக்க ஜவ்வு கிழிந்திருப்பதாகப் போட்டிருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். உறவினர்களோ, கிழிந்ததைத் தைக்காமல் எப்படி என்று பயமுறுத்துகிறார்கள். (ஒரு தாய், ஊத்தங்கரை)

அம்மா, உங்கள் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். 'கிழிந்தது' என்ற சொல் துணியை நினைவூட்டுவதால் வரும் பயம் இது. துணிக்கு ரத்த ஓட்டம் இல்லை, ஜவ்வுக்கு இருக்கிறது. வெளிப்பக்க ஜவ்வு முழுதாகக் கிழிந்தாலும் பெரும்பாலானவர்களுக்குத் தைக்காமலே ஆறிவிடும்.

முதல் சில நாட்கள் ஓய்வு, காலை உயர்த்தி வைப்பது, வலிக்கு ஐஸ். பிறகு கணுக்கால் உறை போட்டு நடக்கவிடுங்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் கெண்டைக்கால் சூம்பிவிடும், மூட்டு இறுகிவிடும். வலி அடங்கியதும் ஒரு பயிற்சி: காலையில் பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நிற்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் நிற்கப் பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கிழிந்த ஜவ்வோடு சேர்ந்து, பாதம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிப்போகிறது. அதைத் திரும்பப் பழக்காமல் விடுபவர்கள்தான் ஆறே மாதத்தில் மறுபடியும் வருகிறார்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து நாளாகியும் கால் ஊன்ற முடியவில்லை. (மாணவர், பர்கூர்)

திரும்பப் போங்கள். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் விரிந்த இடுக்கியும் மூடியதுபோல் தெரியலாம். உடல் எடை காலின் மேல் விழும்போதுதான் அது வாய் திறக்கும். நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முழங்கால் வரை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திருகிய அடியில் சிறிய எலும்பு மேலே, முழங்காலுக்குப் பக்கத்தில் முறிந்து, கணுக்கால் படத்தில் சிக்காமல் போவதும் உண்டு.

அடிபட்டதும் யாருக்கு எக்ஸ்ரே தேவை என்பதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த எளிய விதி ஒன்று இருக்கிறது. கணுக்கால் பகுதியில் வலி இருந்து, அத்துடன் உள், வெளிக் குமிழ்களின் பின்விளிம்பில் கீழிருந்து ஆறு சென்டிமீட்டருக்குள் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ படம் எடுக்க வேண்டும். ஆனால் அந்த விதி முறிவைத் தேடுவதற்கு. ஜவ்வைப் பற்றி அது பேசாது.

கேள்வி: சுளுக்கு எடுப்பவரிடம் உருவிக்கொள்ளலாமா? புத்தூர் கட்டு? (இருவர் கேட்டிருக்கிறார்கள், அரூர், காவேரிப்பட்டணம்)

என் பாட்டி, காலை முன்னே நீட்டிப் பிறந்தவர் மிதித்தால் எந்தச் சுளுக்கும் ஓடிவிடும் என்பாள். கல்லூரியில் எனக்குக் கணுக்கால் மடங்கியபோது அப்படி ஒருவரைத் தேடியும் பிடித்தாள். இரண்டு நாளில் சரியாக வேண்டிய வீக்கம் இரண்டு வாரம் நின்றது. புதிதாகக் கிழிந்த இடத்தை எண்ணெய் போட்டு உருவினால் உள்ளே ரத்தம் இன்னும் கசியும். கட்டு விஷயத்தில் என் பயம் இறுக்கம். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிய கட்டில் விரல்கள் மரத்து, குளிர்ந்து, நீலம் பாரித்தால் பிரிக்க நல்ல நேரம் பார்க்காதீர்கள். அந்த நிமிடமே வெட்டிப் பிரித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரத்த ஓட்டம் நின்று விரலை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு மேல் கணுக்கால் விரிந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஸ்குரூ என்கிறார், இன்னொருவர் நூல் என்கிறார். செலவு கூடுதலாகும் என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள். (மாணவர், தேன்கனிக்கோட்டை)

இரண்டும் சரியான சிகிச்சைதான். பாதத்தை மேலே மடக்கும்போது அந்த இரு எலும்பும் இயல்பாகவே கொஞ்சம் விலகிக்கொடுக்கும். ஸ்குரூ அதை அனுமதிக்காது. அதனால்தான் நடக்கத் தொடங்கியபின் சிலருக்கு ஸ்குரூ தளர்கிறது அல்லது ஒடிகிறது. மூன்று மாதம் ஒட்டி அதைக் கழற்ற இன்னொரு சின்ன அறுவை சிகிச்சை பலருக்கு வேண்டியிருக்கும். நூல் வளைந்துகொடுக்கும், பொதுவாகக் கழற்ற வேண்டாம். பொத்தானோ முடிச்சோ தோலுக்கடியில் உறுத்தினால் மட்டும் எடுப்போம். விளையாட்டு வீரருக்கு நான் நூலைத்தான் தேர்ந்தெடுப்பேன். பணம் தடையானால் ஸ்குரூவும் குறைந்ததல்ல. நூலுக்காகக் காசு சேர்த்துக்கொண்டு இரண்டு மாதம் தள்ளிப்போடுவதுதான் தவறு.

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்கள் சிகிச்சை அதன் பட்டியலில் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்தபின் அட்டையை நீட்டினால் பலன் இல்லை.

கேள்வி: நீளம் தாண்டுபவன். இரண்டு ஆண்டில் ஐந்து முறை அதே கால் மடங்கிவிட்டது. இப்போது சமதரையில் நடந்தாலே பிரள்கிறது. (மாணவர், ஓசூர்)

ஊத்தங்கரை அம்மாவுக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. முறையான பயிற்சியை விடாமல் மூன்று மாதம் செய்தும் பிரள்கிறது என்றால், நீண்டு தொளதொளத்த வெளிப்பக்க ஜவ்வைச் சுருக்கி எலும்போடு தைக்கலாம். ஸ்வீடனைச் சேர்ந்த புரோஸ்ட்ரோம் 1966-இல் எழுதிய முறை அது. சிறு மாற்றங்களோடு இன்றும் அதையே செய்கிறோம். களம் திரும்ப மூன்று, நான்கு மாதம் ஆகும். போட்டிப் பருவம் முடிந்ததும் செய்துகொள்ளுங்கள். ஆனால் 'முறையான பயிற்சி' என்று சொன்னேனே, அதை மூன்று மாதம் முழுதாகச் செய்தீர்களா? என்னிடம் வருபவர்களில் பலர் மூன்றாம் வாரம் நிறுத்தியவர்கள்.

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர் நான். மாணவன் "வலியே இல்லை சார்" என்கிறான். களத்தில் இறக்கலாமா என்று எப்படி முடிவெடுப்பது? (பென்னாகரம்)

போட்டிக்கு முந்தின நாள் எந்தப் பையனுக்கும் வலி இருக்காது ஐயா. அவன் வாயை விட்டுவிட்டு இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள். நல்ல காலில் இருபத்தைந்து, அடிபட்ட காலில் பன்னிரண்டு என்றால் அவன் ஆயத்தமில்லை. அடுத்து, பெருவிரலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். இரண்டு காலுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம் வர வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். கடைசியில் எட்டு வடிவத்தில் முழு வேகத்தில் ஓடவிட்டு, அவன் காலைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். அடிபட்ட காலில் திரும்பும் பக்கம் உதட்டைக் கடிப்பான்.

ஆட்டத்துக்கு முன் மரத்துப்போகும் ஊசி போட்டு இறக்குவதற்கு நீங்கள் சம்மதிக்கக் கூடாது. ஒரு பயிற்சியாளர் அப்படி அழைத்து வந்தார். ஊசி போடமாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஜவ்வு சேருமா? (காரிமங்கலம்)

சூப் நல்ல உணவு. களியும் கீரையும் முட்டையும் அதேபோல்தான். ஜவ்வு எது என்று பார்த்து அதில் போய் ஒட்டிக்கொள்ளும் சூப் எதுவும் இல்லை. ருசிக்காகக் குடியுங்கள், மிளகு கொஞ்சம் தூக்கலாக.