நடந்தால் வரும், நின்றால் போகும் கெண்டைக்கால் வலி

கேள்வி: வயது 61. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் சாப்பிடுகிறேன். சிகரெட்டை நாளைக்கு ஐந்தாகக் குறைத்துவிட்டேன். பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்திலிருந்து ரயில் காரிடாரில் காலை நடை போவது வழக்கம். மூன்று மாதமாக, 400 மீட்டர் போனதும் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது, நடந்தால் அதே தூரத்தில் திரும்ப வருகிறது. மூட்டுத் தேய்மானமா, ரத்தக் கட்டியா, கால்சியம் குறைவா? யூடியூபில் நடையை நிறுத்தச் சொல்கிறார்கள். மக்னீசியம், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை, இணையத்தில் வாங்கிய இறுக்குக் காலுறை எல்லாம் போட்டுப் பார்த்தேன். 10,000 அடியும் முடியவில்லை. என் அண்ணனுக்குச் சர்க்கரையால் காலை எடுத்தார்கள்.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும் நிலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கால் போவதில்லை. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்பது உண்மைதான். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கால் போய்விடும் என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வலியின் ஒழுங்கைக் கவனியுங்கள். அதே தூரம், அதே தசை, நின்றதும் சில நிமிடத்தில் நிவாரணம், நடந்தால் மறுபடி அதே தூரம். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனி சுருங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடைப்பது அரிது. உட்கார்ந்திருக்கும்போது தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்கும்போது பல மடங்கு வேண்டும். சுருங்கிய குழாயால் அதைத் தர முடியாமல் போகும் இடத்தில் வலி தொடங்குகிறது. கெண்டைக்காலில் வலி என்றால் அடைப்பு பெரும்பாலும் தொடையில் இருக்கும். இடுப்புப் பக்கம் அடைத்திருந்தால் பிட்டமும் தொடையும் வலிக்கும், ஆண்களுக்கு விறைப்புக் குறையும். அப்படி ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மற்ற சந்தேகங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மூட்டுத் தேய்மானம் என்றால் வலி முட்டியில் இருக்கும், எழுந்து முதல் சில அடி வைக்கும்போதே தெரியும். ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாயான சிரையில் ரத்தக் கட்டி என்றால் கால் வீங்கிச் சூடாக இருக்கும், நின்றால் விடாது. கால்சியமோ மக்னீசியமோ குறைந்தால் வலிக்கு மீட்டர் கணக்குத் தெரியாது. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கம் மட்டும் இதைப்போலவே ஏமாற்றும். ஆனால் அதற்கு நின்றால் போதாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். 10,000 அடிக் கணக்கையும் விடுங்கள். அது 1965இல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது.

இனி நீங்களாகப் போட்டுக்கொண்ட சிகிச்சைக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம்தான். டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். கால் தமனி நோய், இதய நோய், பக்கவாதம் உள்ளவர்களுக்கு அந்த மருந்து கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இலேயே அறிவித்துவிட்டது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கும் அது கேடு. இறுக்குக் காலுறை அதைவிட மோசம். சிரை நோய்க்கு உதவும் அதே காலுறை, தமனி சுருங்கிய காலில் வந்துகொண்டிருக்கும் கொஞ்ச ரத்தத்தையும் நெருக்கும், தோல் புண்ணாகும். உள்ளே ரத்தம் எவ்வளவு வருகிறது என்று அளக்காமல் அதை யாரும் மாட்டக் கூடாது.

அளப்பது எளிது. இரண்டு வாரத்துக்குள் உங்கள் பலதுறை மருந்தகத்தில் ஏபிஐ சோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதில் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் தமனி நோய். பல ஆண்டு சர்க்கரை நோயில் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகும். அப்போது அடைப்பு இருந்தும் எண் சாதாரணமாகவோ 1.4க்கு மேலோ காட்டலாம். எனவே எண் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், கால் பெருவிரலின் அழுத்தத்தையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி மிக முக்கியம்.

போவதற்கு முன் ஒரு கணக்கு எடுத்து வையுங்கள். அதற்கு ரயில் காரிடார் அருமையான இடம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், 2011 ஜூன் 30 வரை மலாயன் ரயில் ஓடிய தடம். ரயில் ஏற வேண்டும் என்பதற்காகச் சரிவைக் குறைத்துப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் அநேகமாகத் தெரியாது. பக்கத்திலேயே புக்கிட் தீமா குன்று 163 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அங்கே போய் அளந்தால் ஏற்றத்தில் வலி சீக்கிரம் வந்து கணக்கு பொய்யாகும். நிலையத்தில் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே வேகத்தில், பேச்சு கொடுக்காமல் நடந்து, வலி தொடங்கும் தூரம், நின்றே ஆக வேண்டிய தூரம், வலி போக எடுத்த நேரம் ஆகிய மூன்றையும் குறியுங்கள். மூன்று வெவ்வேறு நாள் செய்தால் போதும்.

நடையை நிறுத்தச் சொன்ன காணொளியை மறந்துவிடுங்கள். இந்த நோய்க்கு நடைதான் முதல் சிகிச்சை. ஆனால் சர்க்கரை நோயில் இதய அடைப்பு சத்தமில்லாமல் இருக்கலாம். அதனால் இசிஜி பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் மிதமான வலி வரும் வேகத்தில் நடங்கள். முணுமுணுக்கத் தொடங்கியதுமே நிற்காதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டும் போகாதீர்கள். மிதமான வலியில் நின்று, முழுக்கப் போனபின் மறுபடி நடங்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்து முதலில் 30 நிமிடம், பிறகு 45, வாரம் குறைந்தது மூன்று நாள். இப்படிப் பன்னிரண்டு வாரம். அதற்கு முன் பலனில்லை என்று சொல்லி விடாதீர்கள். பக்கத் தமனிகள் விரிவதும் தசை கிடைத்த ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுவதும் மெல்லத்தான் நடக்கும்.

ஒரே திசையில் ஒரு கிலோமீட்டர் போய்விட்டால் திரும்பி வரும் ஒரு கிலோமீட்டரும் உங்கள் தலையில்தான். நிலையத்துக்கும் இரும்புப் பாலத்துக்கும் இடையே 200 மீட்டர் போய் 200 மீட்டர் வருவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். கிளிபிசைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம், அதனால் அதைச் சாப்பிடுபவர் நடைக்குப் போகும்போது சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்க வேண்டும். வியர்த்து, கை நடுங்கினால் 15 கிராம் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

சிகரெட் ஐந்து என்பது குறைவு இல்லை. இந்தத் தமனிக்குப் பாதுகாப்பான எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே. மருந்தகத்திலேயே புகைவிட உதவி கிடைக்கும். உங்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் இருக்க ஒரு மருந்தும் மருத்துவர் எழுதலாம். காலுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். கால் தமனி சுருங்கியவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு, கால் போகும் வாய்ப்பைவிட அதிகம்.

பாதத்தை இரவு படுக்குமுன் பாருங்கள், அடிப்பாதத்துக்குக் கண்ணாடி பிடித்துக்கொள்ளுங்கள். காரிடாரில் சரளை இருக்கும். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவருக்குக் காலணிக்குள் ஒரு சிறு கல் போனால் தெரியாது, வீட்டுக்கு வரும்போது தோல் உரிந்திருக்கும். நடக்கத் தொடங்குமுன் காலணியைத் தட்டிக் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். புளோக்குக்குக் கீழே கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு நடப்பது உங்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

ஏபிஐக்குத் தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. 400 மீட்டர் ஒரு வாரத்தில் 150 ஆகச் சுருங்குவது, இரவில் பாதத்தின் முன்பகுதி வலித்து கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் தணிவது, பாதத்தில் எந்தப் புண்ணோ கறுப்போ தோன்றுவது – இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கால் திடீரென்று வலித்து, வெளிறி, சில்லிட்டு, மரத்துப்போனால் உடனே 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். அப்போது காலைக் காப்பாற்ற இருப்பது சில மணி நேரம்தான். தேய்த்துவிட்டு, வெந்நீர் ஒற்றடம் கொடுத்து அதை வீணாக்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சிலோ தாடையிலோ இறுக்கம் வந்து, நின்று சில நிமிடத்திலும் போகாவிட்டாலும் அதே எண்தான்.

மருந்தகத்துக்குப் போகும்போது மூன்று நாள் தூரக் கணக்கு, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், கடையில் வாங்கியவை உட்பட, எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் பார்க்கும்போது இரண்டு காலுறையையும் கழற்றச் சொல்லாவிட்டால் நீங்களே கழற்றுங்கள்.