கிளைகள் தனித்து நிற்கும் இரவு: நெருக்கடி மேலாண்மை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஏற்றுமதிக்கான இறாலையும் மீனையும் உறைநிலையில் வைத்துக் காக்கும் குளிர்பதனக் கிடங்குகளை எங்கள் நிறுவனம் நடத்துகிறது. தலைமை அலுவலகம் கோவையில் இருக்கிறது. கிடங்குகள் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி ஆகிய ஊர்களில் உள்ளன. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னைக் கிடங்கு சிக்கியது. அதிலிருந்து மீள்வதற்குள், 17ஆம் தேதி தொடங்கிய பெருமழையில் தூத்துக்குடிக் கிடங்கும் மின்சாரமின்றி நின்றது. வாடகை ஜெனரேட்டர் எடுக்க அனுமதி கேட்டு அங்குள்ள மேலாளர் இரவு ஏழு மணிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்; அனுமதி அதிகாலை இரண்டு மணிக்குத்தான் போயிருக்கிறது. அதற்குள் சாலை துண்டிக்கப்பட்டுவிட்டது. அறுபது பேர் இருந்த வாட்ஸ்ஆப் குழுவில் மூன்று மூத்த அதிகாரிகள் மூன்று விதமாகக் கட்டளையிட்டிருந்தார்கள். இனி இப்படி நேராமல் இருக்க, எல்லா முடிவுகளையும் கோவையில் ஒரே அதிகாரியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இயக்குநர்கள் நினைக்கிறார்கள். இது சரியா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை)

பதில்: சரியில்லை என்றே சொல்வேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதால் விளைந்த குழப்பத்தை ஒரே அதிகாரியை நியமித்துத் தீர்த்துவிடலாம். ஆனால் உங்கள் சரக்கைக் கெடுத்தது அந்தக் குழப்பத்தைவிட, அனுமதிக்காகக் காத்திருந்த ஏழு மணி நேரம்தான். கோவையில் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்யும் நிலையில், சென்னையும் தூத்துக்குடியும் ஒரே இரவில் அழைத்தால் இரண்டாவது அழைப்பு காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த வேளையை நினைத்துப் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. ஏனெனில் அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டாலும், ரயில் அந்தப் பாதைக்குள் போகாததால் உயிர் பிழைத்தார்கள். ரயில்வேயில் நீண்ட காலமாக இருந்துவரும் ஒரு வழக்கத்தை உங்கள் இயக்குநர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ரயில் நகர்வதற்கு முறையான அனுமதி வேண்டும். ஆனால் அபாயத்தைக் கண்ட எந்த ஊழியரும், கீழ்நிலைப் பணியாளராக இருந்தாலும், சிவப்புக் கொடியையோ விளக்கையோ காட்டி ரயிலை நிறுத்தலாம். நிறுத்தும் அதிகாரத்தை எல்லோருக்கும் கொடுத்து, நகர்த்தும் அதிகாரத்தைச் சிலரிடம் வைத்திருக்கும் இந்த ஏற்பாடு உங்கள் கிடங்குகளுக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே முதல் வேலையாக, நிர்வாக இயக்குநர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் ஒவ்வொரு கிளை மேலாளரின் மேசையிலும் இருக்கட்டும். வேலையை நிறுத்துவது, பணியாளர்களை வீட்டுக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ அனுப்புவது, ஜெனரேட்டரும் டீசலும் லாரியும் வாடகைக்கோ விலைக்கோ எடுப்பது, சரக்கை அருகிலுள்ள வேறொரு நிறுவனத்தின் கிடங்குக்கு, அது போட்டியாளருடையதாகவே இருந்தாலும், மாற்றுவது ஆகியவற்றை யாரையும் கேட்காமல் செய்யலாம் என்று அதில் எழுதுங்கள். அதற்கான செலவு வரம்பை ரூபாயில் குறிப்பிடுங்கள். சரக்கை விற்பதும், வாடிக்கையாளரிடம் இழப்பீட்டுக்கு வாக்குக் கொடுப்பதும், பத்திரிகைகளிடம் பேசுவதும் தலைமை அலுவலகத்துக்கு மட்டுமே உரியவை என்பதையும் அதே கடிதத்தில் தெளிவுபடுத்துங்கள். அனுமதி தேவைப்படும் இனங்களில், அரை மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும். வரம்பை மீறிச் செலவழித்த மேலாளரை ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தீர்களானால், அந்தக் கடிதம் அன்றோடு செல்லாக்காசாகிவிடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இதில் காப்பீட்டுக் கோணமும் ஒன்று உண்டு. இழப்பைக் குறைக்க நியாயமான நடவடிக்கைகளை எடுக்கும் கடமை காப்பீடு செய்தவருக்கு உண்டு என்பது சரக்கு, சொத்துக் காப்பீடுகளின் பொதுவான நிபந்தனை. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு வெப்பமேறிக் கொண்டிருக்கும்போது, அனுமதிக்காகக் காத்திருந்தோம் என்ற விளக்கம் இழப்பை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயரிடம் உங்களுக்கு உதவாது.

அப்படியானால் கோவையில் உள்ளவர்களுக்கு வேலையே இல்லையா என்று இயக்குநர்கள் கேட்பார்கள். இதற்கு நல்ல விடை கலிபோர்னியாவிலிருந்து கிடைக்கிறது. 1970இல் அங்கே பதின்மூன்று நாட்கள் எரிந்த காட்டுத்தீக்களில் பதினாறு பேர் இறந்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, ஆள் பலமும் வண்டிகளும் போதாததைக் காட்டிலும், ஒவ்வொரு துறையும் தனித்தனிச் சொற்களிலும் தனித்தனி வானொலி அலைவரிசைகளிலும் பேசியதும், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது தெளிவாக இல்லாததும் பெரிய குறைகளாகத் தென்பட்டன. அந்த அனுபவத்திலிருந்து உருவான கட்டளை முறையைத் தழுவித்தான், நம் நாட்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010இல் தன் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அந்த முறையில் ஒரு பணியாளர் ஒரே ஒரு மேலாளருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். ஒரு மேலாளரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர் வரை, பெரும்பாலும் ஐந்து பேர், இருப்பார்கள்.

பல இடங்களில் ஒரே சமயத்தில் நெருக்கடி ஏற்பட்டால், எல்லா இடங்களுக்கும் மேலே ஒரு குழுவை அமைக்கச் சொல்கிறது இந்த முறை. அந்தக் குழு எந்த இடத்தின் களப்பணியையும் நடத்தாது. எந்த இடத்துக்கு முன்னுரிமை என்பதைத் தீர்மானித்து, குறைவாக இருக்கும் பொருள்களைப் பங்கிட்டு, இரண்டு இடங்கள் ஒரே பொருளுக்காக மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே அதன் பணி. கோவை அலுவலகம் இந்தக் குழுவாகத்தான் இயங்க வேண்டும். ஜெனரேட்டரைக் கிடங்கில் எங்கே வைப்பது என்பது தூத்துக்குடி மேலாளரின் முடிவு. இருக்கும் இரண்டு ஜெனரேட்டர்களில் ஒன்றை நாகப்பட்டினத்திலிருந்து எடுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பலாமா என்பது கோவையின் முடிவு. அந்த இரவில் உங்கள் மூன்று அதிகாரிகளும் முதல் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றே தோன்றுகிறது. இரண்டாவது கேள்வியை யாருமே கேட்கவில்லை.

கேள்வி: தலைமை அலுவலகமே பாதிக்கப்பட்டால் கிளைகளை யார் ஒருங்கிணைப்பது? எங்கள் எல்லாக் கணினிகளும் சென்னையில் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.
(வாசகி, சென்னை)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே நாட்கணக்கில் மூடப்பட்டிருந்தது. தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய அந்த இதழின் வரலாற்றில் அதுவே முதல்முறை. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர்களால் போய்ச் சேர முடியவில்லை என்பதே காரணம். கட்டடத்தையும் இயந்திரங்களையும் பாதுகாத்துவிட்டு, வேலைக்கு வர வேண்டியவரின் வழியை மறந்துவிடுகிற திட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் அப்போது பணியாற்றிய நிறுவனத்தில் கிளைகளின் அவசரத் தொலைபேசிப் பட்டியல் சென்னை அலுவலகத்தின் தரைத்தளக் கணினியில் மட்டுமே இருந்தது. தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த அந்த இரண்டு நாட்களும், எங்கள் மதுரைக் கிளையின் எண் என்னவென்று உறவினர்கள் மூலமாக விசாரித்துக்கொண்டிருந்தோம். இன்று நினைத்தாலும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய அளவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல் (கணினிகளை முடக்கும் நச்சு மென்பொருள்), உக்ரைனில் பயன்பட்ட ஒரு கணக்கியல் மென்பொருள் வழியாகப் பரவி, டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை உலகெங்கும் முடக்கியது. அந்த நிறுவனத்தின் 76 துறைமுக முனையங்களில் 17 பாதிக்கப்பட்டன. மும்பைக்கு அருகிலுள்ள நவ சேவா துறைமுகத்தில் அது நடத்தும் முனையமும் அவற்றில் ஒன்று. வாயிலில் லாரிகள் நிற்க, எந்தச் சரக்குப் பெட்டி யாருடையது என்பதைச் சொல்லக் கணினி இல்லை. எல்லாக் கிளைகளின் கணினிகளையும் அடையாளம் கண்டு இணைக்கும் சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக உலகெங்கும் வைக்கப்பட்டிருந்தன. நகல்கள் அனைத்தும் ஒரே வலையில் இணைந்திருந்ததால், அனைத்தும் ஒன்றாகவே அழிந்தன. ஒன்று மட்டும் கானா நாட்டில் தப்பியது. தாக்குதல் வந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு. அந்தத் தரவை இணையத்தில் அனுப்ப அங்குள்ள வேகம் போதவில்லை. மீட்பு வேலை நடந்த பிரிட்டனுக்கு நேரில் கொண்டுபோக, கானா ஊழியர்களிடம் விசாவும் இல்லை. ஆகவே ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து மற்றொரு ஊழியரின் கையில் தரவு இருந்த கணினி வட்டை ஒப்படைக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். மீட்பு மையம் டென்மார்க்கில் உள்ள தலைமையகத்தில் இயங்கவில்லை. இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் இயங்கியது. ஏறத்தாழ பத்து நாட்களில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவினார்கள்.

அந்தப் பத்து நாட்களும் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஊழியர்கள் சொந்தக் கைபேசிகளிலும் தனிப்பட்ட மின்னஞ்சல்களிலும் முன்பதிவுகளை வாங்கி, தாளில் எழுதி வேலையை ஓட்டினார்கள். வாடிக்கையாளருக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள், தலைமையகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று தலைமைச் செயல் அதிகாரி சோரன் ஸ்கௌ முன்வரிசை ஊழியர்களுக்குச் சொல்லியனுப்பினார். நிறுவனத்துக்கு 25 முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு ஏற்பட்டது என்றாலும், அந்தச் சொல் இல்லாதிருந்தால் இழப்பு எங்கே போய் நின்றிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: சென்னையுடன் ஒரே மழையையும் ஒரே மின்தொடரையும் பகிர்ந்துகொள்ளாத ஒரு கிளையை, திருச்சியோ பெங்களூரோ, மாற்றுத் தலைமையாக இப்போதே அறிவியுங்கள். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் எந்தச் சொல்லும் வராவிட்டால், யாரும் ஒப்படைக்காமலேயே பொறுப்பு அங்கே சென்றுவிட வேண்டும். தரவின் ஒரு நகலையாவது வலையில் இணைக்காமல் தனியாக வையுங்கள். தொலைபேசிப் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு மேலாளரின் வீட்டிலும் ஒரு படி இருக்கச் செய்யுங்கள்.

கேள்வி: தகவல் பரிமாற்றத்துக்கு வாட்ஸ்ஆப் குழு போதாதா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: இணையம் இருக்கும்வரை செய்தி அனுப்ப அது போதும், பதிவேடாக அது போதாது. அறுபது பேர் கொண்ட குழுவில் நலம் விசாரிப்புகளுக்கும் புகைப்படங்களுக்கும் நடுவே கட்டளை புதைந்துவிடும். கட்டளைகளுக்கென்று, கிளைக்கு ஒருவராகவும் தலைமையில் ஒருவராகவும் மட்டுமே எழுதக்கூடிய தனிக் குழு ஒன்றை வையுங்கள். அதோடு, தலைமையில் ஒருவர் வேறெந்த வேலையும் பார்க்காமல், நேரத்தைக் குறித்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில், ஒவ்வொரு கிளையும் ஐந்து செய்திகளைச் சொல்ல வேண்டும்: ஆட்கள் எப்படி இருக்கிறார்கள், எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது, இதுவரை என்ன செய்திருக்கிறோம், என்ன தேவை, அதுவும் எத்தனை மணிக்குள். கைபேசிக் கோபுரங்கள் செயலிழக்கும்போது குறுஞ்செய்தியும் போகாது. ஆகவே இரண்டு வேளை பேசாத கிளையை மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட கிளையாகக் கருதி, பக்கத்து ஊர்க் கிளையிலிருந்து ஆளை நேரில் அனுப்புங்கள். உதவி கேட்டுச் சத்தமிடும் கிளைக்கே எல்லா லாரிகளும் போய்விட, சத்தமிடக்கூட வழியில்லாத கிளை கடைசியில் நினைவுக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்களும் சுவரில் இருக்கட்டும்.

கேள்வி: எங்களுடையது நாற்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம், மூன்று ஊர்களில் இருக்கிறோம். செலவில்லாமல் இதற்கு ஒத்திகை பார்க்க முடியுமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: ஓர் அரைநாள் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில், முதலாளியும் பொது மேலாளரும் தம் கைபேசிகளை அணைத்துவிட்டு மூன்று மணி நேரம் அலுவலகத்தை விட்டு வெளியே போகட்டும். மின்சாரம் இல்லை, பாலம் மூடப்பட்டுவிட்டது, இரவுப் பணிக்கு வர வேண்டிய நால்வரில் ஒருவர்தான் வந்திருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதி ஒரு கிளையிடம் கொடுங்கள். மற்ற இரண்டு கிளைகளுக்கும் முன்கூட்டியே எதுவும் சொல்ல வேண்டாம். அந்தக் கிளை யாரை அழைக்கிறது, அந்த எண் வேலை செய்கிறதா, டீசல் கொடுக்கும் கடைக்காரர் கடனுக்குக் கொடுப்பாரா, கிடங்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்பனவற்றை ஒருவர் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளட்டும்.

முதல் ஒத்திகையில் பெரும்பாலும் சாவிதான் கிடைக்காது. அன்று மாலையே மூன்று ஊர் மேலாளர்களையும் தொலைபேசியில் ஒன்றாக அழைத்து, எந்த முடிவுக்காக யார் எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள் என்பதை மட்டும் கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்த ஒவ்வொரு முடிவையும், கேட்காமல் செய்யலாம் என்று மேலே சொன்ன கடிதத்தின் பட்டியலில் சேர்த்து, புதிய படியை மறுநாள் தபாலில் அனுப்பிவிடுங்கள்.