ஜன்னலை ஏன் திறந்தீர்கள்?

கேள்வி: சினிமாக் கதாபாத்திரங்களின் மார்பளவுச் சிலைகளை அச்சு அசலாகச் செய்கிறேன். சிலிகான் தோல், கண்ணாடிக் கண், ஊசியால் ஒவ்வொன்றாக நட்ட முடி. சேகரிப்பவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்க ஆசை. மனைவிக்கோ கலையின் அருமை தெரியவில்லை. "இந்த ரூமில் வேண்டாம்" என்று தினமும் சண்டை. படுக்கையறையில்தான் ரெசின் வார்க்கிறேன், தேய்க்கிறேன். ராத்திரி பையன் இருமினால் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் மனைவிக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. போகிறபோக்கில் எழுதினீர்களே, பையன் இருமினால் ஜன்னலைத் திறப்பதாக, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஏன் திறந்தீர்கள்? எதனால் இருமுகிறான் என்ற சந்தேகம் உங்களுக்கே இருக்கிறது.

ரெசின் என்பது இரண்டு டப்பாத் திரவங்களைக் கலந்து ஊற்றினால் பிளாஸ்டிக்காக இறுகுவது. உங்களுடையது பாலியூரித்தேன் வகையாக இருந்தால், அந்த இரண்டில் ஒன்றில் ஐசோசயனேட் இருக்கும். ஆஸ்துமாவைக் கொண்டுவருவதில் பேர்போன ரசாயனம். வாடை தெரியாத அளவிலேயே கெடுதல் செய்யும். உடம்புக்கு ஒருமுறை அது ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் ஆவி பட்டாலும் மூச்சு இழுக்கும். தேய்க்கும்போது பறக்கிற மாவுத்தூளோ போர்வையிலும் தலையணையிலும் படிந்துகிடக்கும். இதற்கு ஒரு ஜன்னல் போதுமா?

கந்தகம் கலந்த களிமண் முகத்தின் மேல், அச்செடுக்க, பிளாட்டினத்தால் இறுகும் வகை சிலிகானை ஊற்றினால் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும். இது தெரிந்துதானே களிமண் உறையைத் திருப்பித் திருப்பிப் படித்து வாங்குவீர்கள்? ரெசின் டப்பாவிலும் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது, அதை ஏன் படிக்கவில்லை? யாரோ ஒரு நடிகரின் கண்ணோரச் சுருக்கத்தை நாள்கணக்கில் உற்றுப் பார்க்கிற மனிதர், பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டாமா? பெற்றவனுக்கு முதல் வேலை பிள்ளையைக் காப்பது. கலையும் காசும் அதற்கு அப்புறம்தான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கலையை விடச் சொல்லி உங்கள் மனைவி எங்கே சொன்னார்? ரூமைத்தானே கேட்கிறார். களிமண்ணில் முகம் பிடிப்பதையும் முடி நடுவதையும் வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள். வார்ப்பு, தேய்ப்பு, ஸ்ப்ரே பெயின்ட் மூன்றும் ஆள் புழங்காத, நல்ல காற்றோட்டமுள்ள வேறு இடத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் ரசாயன ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும், துணி மாஸ்க் உதவாது. இடம் கிடைக்கும்வரை ரெசின் டப்பாவைத் திறக்காதீர்கள். சிலை கேட்டவர்கள் காத்திருக்கட்டும்.

வேலையை இப்போது விடாதீர்கள். அந்தக் கதாபாத்திரங்களின் உரிமை பெரும்பாலும் படம் எடுத்தவர்களிடம் இருக்கும். அனுமதி வாங்காமல் சிலை விற்பதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

பையனை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வெறும் சளி என்று சொல்லாதீர்கள். ரெசின் டப்பாவின் லேபிளைப் படமெடுத்துக் காட்டி, தூங்குகிற அறையில் வார்த்தேன் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். மனைவியும் கூட வரட்டும். எத்தனை நாளாக இருமுகிறான் என்று டாக்டர் கேட்டால் சரியாகச் சொல்ல அவரால்தான் முடியும்.