காட்டுக் கேமரா படங்கள்: கார்டிலிருந்து கணினிக்கு – வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் தானியங்கி கேமரா வைத்து விலங்குகளைக் கணக்கெடுக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

சில்வர்க்ளென் காப்புக்காட்டை ஒட்டி 12 கேமரா வைத்திருக்கிறோம். எல்லாக் கார்டிலும் படத்தின் பெயர் 0001 என்றே தொடங்குகிறது. படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளில் ஏற்றினால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அழிந்துவிடுமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பெரும்பாலும் மென்பொருளுக்குள் போவதற்கு முன்பே அழிந்துவிடுகிறது. கார்டிலிருந்து கணினிக்கு நகலெடுக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்தான நேரம். இந்தக் கேமராக்கள் படத்துக்கு நான்கு இலக்க எண் கொடுக்கின்றன. 9999 தாண்டியதும் 100 என்ற ஃபோல்டர் 101 ஆகி, எண் மறுபடி 0001-க்கு வரும். கார்டை ஃபார்மட் செய்தாலும் பல கேமராக்களில் அதே கதைதான். இரண்டு கார்டுகளை ஒரே ஃபோல்டரில் கொட்டி, கணினி கேட்கும் கேள்விக்கு 'மாற்று' என்று அழுத்திவிட்டால் முதல் கார்டின் படங்கள் போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள். அதன் பெயரில் இடக்குறியீடு, கேமரா எண், கார்டு எடுத்த தேதி மூன்றும் இருக்கட்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டர்கள் தானாகவே காலவரிசையில் நிற்கும். இடைவெளி, தமிழ் எழுத்து, சாய்கோடு வேண்டாம். ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு போதும். சில மென்பொருள்கள் மற்றவற்றைப் படிக்கத் தடுமாறும். 100, 101 என்ற உள் ஃபோல்டர்களைக் கலைக்காமல் அப்படியே நகலெடுங்கள். பிறகு கார்டிலும் கணினியிலும் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தி, இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு நகல் சேர்ந்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

'படத்தின் தேதி கணக்கெடுப்புக் காலத்துக்கு வெளியே உள்ளது' என்று மென்பொருள் படங்களை ஏற்க மறுக்கிறது. கணக்கெடுப்புக் காலத்தை நீட்டிவிட்டால் சரியாகிவிடுமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தயவுசெய்து நீட்டாதீர்கள். மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. பிசகியது கேமராவின் கடிகாரம். படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் எக்ஸிப் தேதியைத்தான் மென்பொருள் படிக்கிறது. கோப்பின் 'மாற்றிய தேதி' வேறு. நகலெடுக்கும்போதே அது மாறக்கூடும், நம்ப வேண்டாம்.

அதிகம் நடப்பது நாளும் மாதமும் இடம் மாறுவது. மார்ச் 4 என்று வைக்க நினைத்து ஏப்ரல் 3 என்று வைத்துவிடுகிறார்கள். திருத்துகிறவர்கள் ஒவ்வொரு படத்திலும் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடுகிறார்கள். அது தவறு. கடிகாரம் ஏப்ரல் 3-இலிருந்து ஒழுங்காக முன்னால்தான் ஓடியிருக்கிறது. எல்லாப் படங்களும் சரியாக 30 நாள் முந்தியிருக்கின்றன. மாற்றிப் போட்டால் ஏப்ரல் 4 என்பது மார்ச் 5 ஆகாமல் ஏப்ரல் 4-ஆகவே நிற்கும். ஏப்ரல் 13 வந்ததும் பதின்மூன்றாவது மாதம் கேட்கும். எல்லாவற்றிலும் 30 நாள் கழிப்பதே வழி.

எக்ஸிப்டூல் என்ற இலவச மென்பொருள் ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் இதை ஒரே கட்டளையில் செய்யும். அது ஒவ்வொரு படத்துக்கும் பழைய பிரதி ஒன்றை அதே ஃபோல்டரில் விட்டுவைக்கும் என்பதால் டிஸ்க்கில் இரு மடங்கு இடம் வேண்டும். அந்தப் பிரதிகளையும் சேர்த்து ஏற்றிவிடாதீர்கள். திருத்துவது எப்போதும் நகலில்தான். மூலப்படத்தைத் தொடக் கூடாது.

பேட்டரி இறங்கி நடுவில் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பியிருந்தால், கோப்பு எண் தொடர்ந்து போகும், தேதி மட்டும் திடீரென்று பின்னால் குதிக்கும். அந்த எண்ணிலிருந்து கடைசிவரை ஒரு தனிப் பகுதி. கார்டை எடுக்கும்போது கைபேசியின் கடிகாரத்தைக் கேமரா முன் காட்டி ஒரு படம் எடுத்திருந்தால், அந்தப் பகுதிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கிடைத்துவிடும். வைக்கும்போதும் எடுக்கும்போதும் இப்படி ஒரு படம் எடுப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

முற்பகல், பிற்பகல் மாறியதைக் கண்டுபிடிக்க விடியலைப் பாருங்கள். டர்பன் பக்கம் டிசம்பரில் 5 மணிக்கு முன்பே விடியும், ஜூனில் 7 மணிக்குச் சற்று முன்பு. நள்ளிரவு 1 மணி என்று காட்டும் படம் பளிச்சென்ற பகல் வண்ணத்தில் இருந்தால் 12 மணி நேரம் பிசகு. கைபேசிச் சிம் போட்ட கேமராக்களில் வேறொரு சிக்கல் உண்டு: சில உலக நேரத்தைப் பதியும், நம் நேரம் அதைவிட 2 மணி கூடுதல். தென்னாப்பிரிக்காவில் கோடைக்கால நேரமாற்றம் இல்லை. கேமராவில் அந்த வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

காற்றில் புல் ஆடியே ஆயிரக்கணக்கான வெற்றுப் படங்கள். டிஸ்க் நிரம்புகிறது. அழித்துவிடலாமா?
– வாசகர், பீனிக்ஸ்

முதலில் கணக்கு. 20 கேமரா, ஒவ்வொன்றிலும் 3,000 படம், படத்துக்கு 2 எம்பி என்றால் 120 ஜிபி. இன்றைய டிஸ்க்குக்கு அது பெரிய சுமை அல்ல. ஆனால் வெற்றுப் படத்துக்கும் வேலை உண்டு: அன்று கேமரா உயிரோடு இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. எத்தனை நாள் கேமரா இயங்கியது என்று தெரியாமல் 'முள்ளம்பன்றி 8 முறை வந்தது' என்பதற்குப் பொருளே இல்லை. அழித்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொரு கேமராவின் முதல் படம், கடைசிப் படம், நாளுக்கு ஒரு படம் ஆகியவற்றையாவது வையுங்கள். தினமும் நண்பகலில் தானாக ஒரு படம் எடுக்கும்படி அமைத்தால் இந்தக் கவலையே இல்லை.

பிரிக்கும் வேலைக்கு மெகாடிடெக்டர் என்ற இலவசக் கருவி உதவும். விலங்கு, மனிதர், வாகனம் என்று மட்டும் பிரிக்கும், இனத்தைச் சொல்லாது. தான் கண்டது எவ்வளவு உறுதி என்று 0 முதல் 1 வரை ஒரு நம்பக மதிப்பும் தரும். அதன் 5-ஆம் பதிப்பில் 0.2 அளவு நம்பகத்தை எல்லையாக வைத்துத் தொடங்கலாம். 0.8 வைத்தால் 4–5 கிலோ எடையுள்ள நீல டியூக்கர் போன்ற சிறு மான் இரவில் படத்தின் ஓரத்தில் நின்றால் வெற்றுப் பக்கம் போய்விடும். வெற்று என்று ஒதுக்கியதில் சில நூறு படங்களையாவது கண்ணால் பாருங்கள். ஒரே மரக்கட்டையை 900 முறை விலங்கு என்று சொல்வதும் உண்டு. விலங்கு என்று அது கட்டம் போட்டுக் காட்டும்; ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் கட்டங்களைத் தொகுப்பாக நீக்கலாம்.

மென்பொருளின் ஃபோல்டரைத் திறந்து தேவையில்லாத படங்களை நேரடியாக நீக்கினேன். இப்போது பட்டியலில் பெயர் இருக்கிறது, படம் வரவில்லை.
– வாசகர், டோங்காட்

கேமலாட் போன்ற மென்பொருள் படத்தைத் தன் மீடியா ஃபோல்டருக்குள் நகலெடுத்து, தன் உள்எண்ணையே பெயராக வைக்கும். எந்த எண் எந்தப் படம் என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். டைம்லாப்ஸ் என்ற மென்பொருள் அப்படியல்ல: படத்தை இருந்த இடத்திலேயே விட்டு, ஃபோல்டர் வழியை மட்டும் குறித்துக்கொள்ளும்; ஃபோல்டர் பெயரை மாற்றினாலே படம் காணாமல் போகும். இரண்டிலும் நீக்குவதை மென்பொருளுக்குள்ளிருந்தே செய்ய வேண்டும். இப்போதைக்கு நீக்கிய கோப்புகளை அதே பெயரில் அதே இடத்தில் மீட்டு வையுங்கள். காப்புநகல் எடுக்கும்போது மென்பொருளை மூடிவிட்டு, மீடியாவையும் தரவுத்தளத்தையும் ஒரே வேளையில் எடுங்கள். ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்படாது.

ஏற்றும் நடுவில் மின்வெட்டு வந்துவிட்டது. தொடரலாமா?
– வாசகி, லேடிஸ்மித்

ஒரு இடத்தின் படங்களாகப் பிரித்து ஏற்றியிருந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் சரிபார்த்தால் போதும். நின்ற நேரத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பாதிப் படம் சாம்பல் நிறமாக இருந்தால் அது அறுந்த கோப்பு. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணைக் கார்டில் உள்ள கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டால் ஐயமே இருக்காது.

எங்கள் படங்களில் காண்டாமிருகமும் சில நேரம் மனிதர்களும் வருகிறார்கள். மற்றக் குழுக்களோடு பகிரலாமா?
– வாசகர், எம்பங்கேனி

காண்டாமிருகம் என்றால் இடம் வெளியே போகவே கூடாது. வேட்டைக்காரர்களுக்கு அதுதான் வேண்டும். இடம் நான்கு இடத்தில் ஒளிந்திருக்கும்: எக்ஸிப்பில் ஜிபிஎஸ், கோப்புப் பெயர், ஃபோல்டர் பெயர், படத்தின் அடிப்பட்டையில் பதிந்த கேமரா பெயர். பகிரும் பிரதியில் நான்கையும் நீக்குங்கள். பட்டையை வெட்டியே எடுக்க வேண்டும். எடுத்த நேரத்தையும் மறைப்பது நல்லது. மனிதர் படங்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். 2021 ஜூலை 1 முதல் அது முழுமையாக அமலில் உள்ளது. அவற்றைத் தனி ஃபோல்டரில் பூட்டி, யார் திறக்கலாம், எப்போது அழிப்பது என்பதைக் கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே குழுவில் எழுத்தில் முடிவு செய்யுங்கள்.